கூவத்தோடு ஒரு நாள்

எங்கள் திருமழிசையில் கடல் கிடையாது. திருமழிசையாழ்வார் அவதரித்த ஸ்தலம் என்ற பெருமை உண்டு. ஜெகந்நாதப் பெருமாளும் ஒத்தாண்டேஸ்வரரும் ஆளுக்கொரு கோயிலில் எழுந்தருளி அருள் பாலிக்கிறார்கள். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் வருகிறவர்களுக்குத் தொழிற்பேட்டைக் கூரைகள் கண்ணில் படும். இன்னும் அடையாளம் தெரியவில்லையா? 2020-ல் கொரோனா சமயத்தில் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஒரு ஊருக்கு இடம் மாறி வந்ததே, அந்த ஊர்தான்!

மெரினா எங்களுக்கு ஏறக்குறைய 30 கி.மீ. தூரம். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஒரு தடவை, வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் ஒரு தடவை, ஆக வருஷத்துக்கு இரண்டு முறை போவோம். சுண்டல் சாப்பிட்டு, அலையில் கால் நனைத்து, மணலை உதறிக்கொண்டு திரும்புவோம். எங்கள் வீட்டுக் குப்பை மட்டும் நினைத்தபோதெல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது எந்த வழியாகப் போகிறது என்பதை ஒரு நாள் முழுக்க வேனில் சுற்றிப் பார்த்தோம். அந்தப் பிரயாணத்தைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமையன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஜனங்கள் கடற்கரைக்குப் போய்க் குப்பை பொறுக்குகிறார்கள். சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு நாள் என்று பெயர். 2025-ல் அது செப்டம்பர் 20-ஆம் தேதி வந்தது. எங்கள் மாதர் குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், "நாமும் போகலாமே" என்று ஆரம்பித்தார். பதினோரு பேர் சரியென்றோம். வேன் பேசினோம். காலண்டரைப் பார்த்தால் அன்றைக்குப் புரட்டாசி முதல் சனிக்கிழமை! கேட்க வேண்டுமா?

"பெருமாளுக்குத் தளிகை போடுகிற நாளில் யாராவது குப்பை பொறுக்கப் போவார்களா?" என்றார் என் மாமியார்.

"சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவோம் அத்தை. மாவிளக்குக்கு அரிசியை ஊறவைத்து இடித்து வைத்துவிட்டே போகிறேன்" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார். விடியற்காலை நாலே முக்காலுக்கு வேன் கிளம்பியது.

எங்களோடு வந்தவர்களில் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பேறுகாலம் பார்க்க அவள் அம்மா இலங்கையில் நீர்கொழும்பிலிருந்து வந்திருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. கைக்குழந்தையை மருமகனிடம் விட்டுவிட்டு, "கடற்கரை எண்டால் நானும் வாறன்" என்று கிளம்பிவிட்டார்.

நேப்பியர் பாலத்துக்குத் தெற்கே மணலில் இறங்கியபோது ஆறு மணி. கல்லூரிப் பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள், குழந்தைகளோடு வந்த தம்பதிகள் என்று நல்ல கூட்டம். கையுறையும் சாக்கும் கொடுத்தார்கள். நாலு நாலு பேராகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு கார்டு. அதில் சிகரெட் துண்டு, தின்பண்ட உறை, பாட்டில், பாட்டில் மூடி, உறிஞ்சுகுழல், கயிறு, வலைத்துண்டு என்று வரிசையாகப் போட்டிருந்தது. மூன்று பேர் பொறுக்க வேண்டும், ஒருவர் கோடு போட்டு எண்ண வேண்டும். செல்போனில் பதிகிற வசதியும் இருக்கிறதாம். எங்களுக்குக் கார்டுதான் சௌகரியமாக இருந்தது. மளிகைக் கணக்கும் பால் கணக்கும் எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையா?

குப்பையை எடுத்தோமா, போட்டோமா என்றில்லாமல் எதற்காக எண்ணுவது என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். 1986-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்மணிகள் ஆரம்பித்த காரியம் இது. முதல் வருஷம் 2,800 பேர் வந்தார்கள். கிடைத்ததை எல்லாம் இனம் பிரித்து எழுதி வைத்தார்கள். எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்? 1989-ல் கனடாவும் மெக்ஸிகோவும் சேர்ந்துகொண்டன. பிறகு ஒவ்வொரு நாடாக வந்தது. எந்தத் தேசத்துக் கரையில் பொறுக்கினாலும் கணக்கு ஒரே மாதிரி எழுதப்படுவதால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க முடிகிறது. அப்படிக் கூட்டியதில், வருஷக்கணக்காக முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டை 2019-ஆம் வருஷக் கணக்கில் தின்பண்ட உறைகள் பின்னுக்குத் தள்ளிவிட்டன. 47 லட்சத்துக்கும் மேல்! சிகரெட் என்றால் ஆண்பிள்ளைகள் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் உறையும் யார் கையால் வாங்கிக் கொடுத்தது?

எங்கள் சாக்கில் என்னவெல்லாம் விழுந்தது என்று சொன்னால் உங்கள் வீட்டு அடுக்களையையே எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். மாத்திரை அட்டை, ஷாம்பு சாஷே, ஊறுகாய் பாக்கெட், தெர்மோகோல் துண்டு, ஒற்றைச் செருப்பு, பூ கட்டி வந்த கவர், குழந்தைக்குப் போடும் டயாப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சின்ன முக்கோணத் துண்டு திரும்பத் திரும்ப வந்தது. முதலில் என்னவென்று புரியவில்லை. நீல நிறத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று... அட, பால் பாக்கெட்டின் முனை! காலையில் கத்திரிக்கோலால் 'சரக்'கென்று வெட்டுகிறோமே, அந்த முனைதான். பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற சமர்த்துகள்கூட முனையை என்ன செய்கிறோம் என்று பார்ப்பதில்லை. அது ஸிங்க்கில் விழுந்து, சாக்கடைக்குப் போய், கால்வாயில் சேர்ந்து, கூவத்தில் மிதந்து இங்கே வந்திருக்கிறது. கார்டில் அதற்கென்று இடம் இல்லை. 'இதர பிளாஸ்டிக் துண்டுகள்' என்ற கட்டத்தில் கோடு போட்டுப் போட்டு அந்தக் கட்டமே நிரம்பிப் போயிற்று.

இதற்குள் நீர்கொழும்பு அக்கா மணலைக் கையில் அள்ளி உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சவ்வரிசி தேடுறன் தங்கச்சி" என்றார்.

அவர் சொன்ன விவரம் இது. 2021 மே 20-ஆம் தேதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. சிங்கப்பூரில் பதிவான கப்பல், நம் குஜராத்தில் உள்ள ஹசிரா துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதிலிருந்த ஒரு பெட்டியில் நைட்ரிக் அமிலம் கசிந்ததாம். கசியும் பெட்டியை இறக்கிக் கொள்ள முந்தைய இரண்டு துறைமுகங்களில் வசதிப்படவில்லை என்று திருப்பிவிட்டார்கள். நாள் கணக்கில் எரிந்து, ஜூன் 2-ஆம் தேதி மூழ்கத் தொடங்கியது. அதில் ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பக்கெட்டு, குடம், பால் பாக்கெட் எல்லாம் இந்த மணிகளை உருக்கித்தான் செய்கிறார்கள். பார்வைக்கு அசல் ஜவ்வரிசி.

"கரை முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் கொட்டிக் கிடந்தது. பிள்ளையள் விளையாட அள்ளப் போனதுகள். தொட வேண்டாம் எண்டு நேவி ஆக்கள் துரத்திப் போட்டினம். பிறகு உடம்பு முழுக்க மூடின உடுப்போட வந்து, மண்ணைச் சல்லடையில போட்டுச் சலிச்சினம், நாங்கள் மா அரிக்கிற மாதிரி. ஆமையள் செத்து ஒதுங்கினது. கடலுக்குப் போக வேண்டாம் எண்டு தடை. மீன் இருந்தாலும் வாங்க ஆக்கள் இல்லை. எங்கட வீட்டில அப்ப அடுப்பு எரிஞ்சதே பெரிய காரியம்."

அவர் வீட்டுக்காரர் மீன் வியாபாரி. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று.

அந்தத் தீயை அணைக்க நம் இந்தியக் கடலோரக் காவல் படைக் கப்பல்கள் போய் உதவின. நல்ல காரியம். அதே மணிக் கதை நாலு வருஷத்தில் நம் பக்கமும் வந்தது. 2025 மே 25-ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்ஸா 3 என்ற கப்பல் 600-க்கும் மேற்பட்ட பெட்டிகளோடு மூழ்கியது. கேரளக் கரையிலும் நம் கன்னியாகுமரிக் கரையிலும் வெள்ளை மணிகள் ஒதுங்கின. ஜூனில் இலங்கையின் வடக்குக் கரைகளிலும் ஒதுங்கின. கடலுக்குப் பாஸ்போர்ட் ஏது, விசா ஏது?

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி, கடலியல் படிக்கிறவளாம், குனிந்து ஈர மணலில் விரலால் படம் போட்டுக் காட்டினாள். நம் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு நீரோட்டம் இருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு சில மாதம் அது வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி கார்த்திகையில் திசை மாறித் தெற்கே, இலங்கைப் பக்கமாக ஓடும். கூவத்தின் வாயை வெயில் காலத்தில் மணல் மேடு அடைத்துக்கொள்ளும். ஆற்றில் விழுந்த குப்பை எல்லாம் மாதக்கணக்கில் உள்ளேயே மிதந்துகொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து மேட்டை உடைத்தால், அத்தனையையும் இரண்டு மூன்று நாளில் கடலில் கொண்டு கொட்டிவிடும். அந்தச் சமயத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம்? தெற்கே!

நீர்கொழும்பு அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "அப்ப உங்கட வீட்டுக் குப்பை எங்கட வீட்டு வாசலுக்கு வருது எண்டு சொல்லுங்கோ!"

நாங்களும் சிரித்தோம். வேறு என்ன செய்வது? ஆனால் இது ஒரு வழிப் பாதை இல்லை. நம் கிரேட் நிக்கோபார் தீவில் மனுஷ நடமாட்டமே இல்லாத கரைகளில் மலேசியா, இந்தோனேஷியா, தாய்லாந்து லேபிள் ஒட்டிய பாட்டில்கள் ஒதுங்கியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் குப்பை நம் வாசலில், நம் குப்பை அடுத்த வீட்டு வாசலில். தெருவில் இப்படி நடந்தால் குடிமிச் சண்டைதான்!

ஒன்பது மணிக்கு சாக்குகளை எடை போட்டு லாரியில் ஏற்றினார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டோம். வாழை இலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி எடுத்துப் போனோம். குப்பை பொறுக்கப் போகிற இடத்தில் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்பது டீச்சரம்மா உத்தரவு.

திரும்பும்போதுதான் எங்கள் அசல் யாத்திரை ஆரம்பம். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்கள் கடலிலிருந்து நதிமூலம் நோக்கியே கிளம்பினோம். கூவம் ஏறக்குறைய 70 கி.மீ. ஓடி வருகிறது. அதில் எங்கள் ஊர்ப் பக்கம் வரைக்கும் பார்த்துவிடுவது என்று தீர்மானம்.

முதலில் நேப்பியர் பாலம். 1869-ல் கட்டியது. 2022 செஸ் ஒலிம்பியாடின்போது கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டி ஊரே வந்து போட்டோ எடுத்துக்கொண்டதே, அதுதான். பாலத்தின் அழகைப் பார்ப்பவர்கள் கீழே பார்ப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பார்த்தோம். கறுத்த தண்ணீர் கடலைத் தொடுகிற இடத்தில் நுரை கட்டியிருந்தது. சிந்தாதிரிப்பேட்டை வழியாகப் போனோம். மீன் மார்க்கெட்டுக்குப் பேர் போன இடம், புரட்டாசியில் வியாபாரம் மந்தமாகத்தானே இருக்கும்! பக்கத்துக் கோமளீஸ்வரன்பேட்டையில் ஒரு காலத்தில் பச்சையப்ப முதலியார் கூவத்தில் நீராடிவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அவர் 1794-ல் காலமானவர். அப்போது அது குளிக்கிற ஆறு. டீச்சரம்மா இதைச் சொன்னபோது வேனில் இருந்த சின்னப் பெண்கள் நம்பவே இல்லை.

அமைந்தகரை, அரும்பாக்கம், கோயம்பேடு... பாலங்களின் மேல் இரண்டு பக்கமும் உயரமாகக் கம்பி வலை கட்டியிருக்கிறார்கள், ஜனங்கள் மேலிருந்து குப்பையை எறியாமல் இருக்க. ஆற்றுக்குக் கம்பி வலையா, நமக்கா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சில இடங்களில் ஆற்றின் குறுக்கே மிதக்கும் தடுப்புப் போட்டுக் குப்பையை மறித்து அள்ளுகிறார்கள். மறிப்பது நல்ல யோசனைதான். ஆகாயத்தாமரையும் சேர்ந்து வந்து அடைத்துக்கொள்வதால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மதுரவாயல் நெரிசலில் வேன் முக்கால் மணி நேரம் நின்றது. அந்த நேரத்தில்தான் வாக்குவாதம் சூடு பிடித்தது. "இத்தனை நாடு இருக்கிறதே, எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு சட்டம் போட்டால் என்ன?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார்.

போட்டிருக்கிறார்கள், ஒரு பாதிக்கு. 1967-ல் இங்கிலாந்துக்கு அருகே டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிக் கடலெல்லாம் எண்ணெய் ஆனது. அதன் பிறகு நாடுகள் கூடி, 1973-ல் ஒரு உடன்படிக்கை செய்து, 1978-ல் அதைத் திருத்தி பலப்படுத்தின. மார்போல் என்று பெயர். அதன் ஐந்தாம் பகுதி 1988 டிசம்பர் 31-லிருந்து அமலில் இருக்கிறது. எந்தக் கப்பலும் பிளாஸ்டிக்கைக் கடலில் எறியக் கூடாது. கயிறானாலும் சரி, வலையானாலும் சரி. குப்பைக்குக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். துறைமுகங்கள் அதை வாங்கிக்கொள்ள வசதி செய்து தர வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள கடலுக்கென்று தனியாக, இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மாலத்தீவு, பாகிஸ்தான் ஐந்தும் சேர்ந்து 1995-ல் ஒரு செயல் திட்டம் ஏற்றன. அதற்கான அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. மற்ற விஷயத்தில் முகம் கொடுத்துப் பேசாத நாடுகள்கூட இதில் சேர்ந்து உட்கார்கிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷமான சங்கதியாகப் பட்டது.

சரி, கப்பலுக்குச் சட்டம் ஆயிற்று. ஆற்றுக்கு? சாக்கடைக்கு? கடலுக்கு வரும் பிளாஸ்டிக்கில் பெரும் பங்கு கரையிலிருந்துதான் போகிறது. 2010-ஆம் வருஷத்துக்கு, கடற்கரையுள்ள 192 நாடுகளுக்குமாக விஞ்ஞானிகள் போட்ட மதிப்பீடு 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன் வரை. இதற்கும் சேர்த்து ஒரு உடன்படிக்கை செய்வோம் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். உருகுவேயில் ஒரு கூட்டம், பாரிஸில் ஒன்று, மறுபடி நைரோபி, ஒட்டாவா, பூஸான்... கடைசியில் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் பத்து நாளுக்கு மேல் பேசியும் உடன்பாடு ஏற்படாமலே கலைந்தார்கள். பிளாஸ்டிக் உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. உற்பத்தியைத் தொடாதே, குப்பையை ஒழுங்காகக் கையாண்டால் போதும் என்று இன்னொரு கட்சி. எண்ணெய் வளமுள்ள நாடுகள் இரண்டாவது கட்சி. உற்பத்திக்கு உச்சவரம்பு என்பதை நம் இந்தியாவும் ஏற்கவில்லை. வளருகிற நாடு, தொழில் படுத்துவிடும் என்பது நம் தரப்பு. எங்கள் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிற குடும்பங்களைப் பார்க்கும்போது அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும், மோட்டாரை நிறுத்தாமல் டேங்கிலிருந்து வழிகிற தண்ணீரை மொட்டை மாடியில் நின்று பெருக்கித் தள்ளிக்கொண்டே இருந்தால் எப்போது தரை காயும்? குடும்பம் நடத்துகிறவளுக்கு இது புரிகிறது, கோட்டு சூட்டுப் போட்டவர்களுக்குப் புரியாதா?

அந்த வெள்ளை மணிகளைக் கப்பலில் எப்படிக் கட்டி ஏற்ற வேண்டும் என்று 2024-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு யோசனைகள் வெளியிட்டது. யோசனைதான், கட்டாயம் இல்லை. எக்ஸ்-பிரஸ் பேர்ல் விஷயத்தில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னது. "தீர்ப்பு வந்தது, காசு வரட்டும் பாப்பம்" என்றார் நீர்கொழும்பு அக்கா.

பகல் பன்னிரண்டரைக்குத் திருவேற்காடு. கருமாரியம்மன் தரிசனம் சுருக்கமாக ஆயிற்று. இங்கே வேதபுரீஸ்வரர் கோயில் பாடல் பெற்ற ஸ்தலம். ஆறு பிறக்கும் பக்கம் கூவம் கிராமத்தில் இருக்கும் சிவன் கோயிலும், திருவிற்கோலம் என்று, பாடல் பெற்றதுதான். இப்படிக் கோயில் கோயிலாகத் தொட்டுக்கொண்டு வருகிற ஆற்றின் பேரைத்தான் நாம் வசவுச் சொல்லாக வைத்திருக்கிறோம்!

மரத்தடியில் தயிர் சாதம். அங்கேதான் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிளாஸ்டிக் தூள் உடம்புக்குள் போகிறது என்கிறார்களே, நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான். வெயிலிலும் அலையிலும் பிளாஸ்டிக் மக்குவதில்லை, பொடிப்பொடியாகிறது. மீனுக்குள் போகிறது, உப்பிலும் இருக்கிறது. இத்தாலியில் ஆறு தாய்மார்களின் நஞ்சுக்கொடியைச் சோதித்ததில் நாலில் நுண்துகள் இருந்ததாக 2021-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் இருந்தது. இதனால் என்ன கெடுதல், எவ்வளவு கெடுதல் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே மீன் சாப்பிடுவதையோ தாய்ப்பால் கொடுப்பதையோ யாரும் பயந்து நிறுத்த வேண்டாம். சூடான பாலையும் ரசத்தையும் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றாமல் இருந்தால் நல்லது. எவர்சில்வர் எதற்கு இருக்கிறது?

திருமழிசையைத் தாண்டி, திருவள்ளூர் சாலையில் வெள்ளவேடு வழியாகப் புதுச்சத்திரம் போனோம். அங்கிருந்து திருநின்றவூர் போகும் வழியில் ஆற்றைக் கடக்க வேண்டும். வேனை நிறுத்தி இறங்கினால், இதுவா கூவம் என்று ஆச்சரியம்! மழைத் தண்ணீர் லேசாக ஓடிக்கொண்டிருந்தது. நாணல், சீமைக்கருவேல், நடுவே கொக்கு. நாற்றம் இல்லை. பக்கத்தில் ஜமீன் கொரட்டூரில் ஒரு அணை. அங்கிருந்து பங்காரு கால்வாய் பிரிந்து செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அது நிரம்பினால் உபரி நீர் அடையாற்றில் விழும். ஆக, எங்கள் பக்கத்து மழைத் தண்ணீருக்குக் கடலுக்கு இரண்டு வழி. கூவமாகப் போனால் நேப்பியர் பாலம், ஏரி வழியாகப் போனால் அடையாற்று முகத்துவாரம். ஏரியோ, சென்னை ஜனங்கள் குடிக்கிற தண்ணீர்.

கரையில் கொஞ்ச தூரம் நடந்தோம். கருவேல முள்ளில் கவர்கள் தோரணம் கட்டியிருந்தன. அடியில் ஒரு மூட்டை பிரிந்து கிடந்தது. டயாப்பர், ஷாம்பு சாஷே, பால் பாக்கெட்டின் முனை. காலையில் கார்டில் எழுதிய அதே சாமான்கள், இன்னும் நனையாமல்!

இந்த சாஷே விஷயம் பற்றி ஒரு வார்த்தை. ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் போட்டு ஏழை எளியவரும் வாங்கும்படி செய்ததில் முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். அது உபகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்குத் தாள் அது. பிரித்து உருக்க முடியாது என்பதால் காயலான் கடையில் காசு கிடையாது. காசு இல்லாததை யாரும் பொறுக்குவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து பதினாலு வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. எங்கள் ஊரில் மஞ்சப்பை நன்றாகவே திரும்பியிருக்கிறது. பூக்காரம்மாவும் வாழை நாருக்கு மாறியிருக்கிறார். கம்பெனியில் அடைத்தே வருகிற சாஷேக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் பூக்காரம்மா என்ன செய்வார்? அதை ஜெனீவாவில்தான் தீர்க்க வேண்டும்.

நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பால் பாக்கெட்டில் முனையை முழுக்க வெட்டாமல் பாதி கீறிவிட்டு, பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். பால் நன்றாகவே ஊற்றும். கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர்காரர் காசு தருவார். டயாப்பரையும் நாப்கினையும் தாளில் சுற்றி, மற்ற குப்பையோடு கலக்காமல் அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் நேரத்தில் குழந்தைக்குப் பழைய வேஷ்டித் துணி போதும். அம்மாக்கள் நம்மை அதில்தானே வளர்த்தார்கள்? துவைக்கிற வேலை யாருக்கு என்று கேட்பீர்கள். ஆண்பிள்ளைகளும் துவைக்கலாம், கை தேய்ந்து போகாது. ஷாம்பு பெரிய பாட்டிலாக வாங்க வசதி இல்லாதவர்கள் நாலு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் மூன்று வீடு அப்படிச் செய்கிறோம். சீயக்காய் அரைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்த வாரம் டீச்சரம்மா வீட்டுத் திண்ணையில் கூடி ஒரு மனு எழுதினோம். எங்கள் தெருக் கால்வாய் பெரிய வாய்க்காலில் சேருகிற மதகில் ஒரு கம்பி வலை போட வேண்டும், மழைக்கு முன்னால் வாரம் ஒரு முறை அதை அள்ள வேண்டும், அவ்வளவுதான். மெரினாவில் எழுதிய கார்டின் நகல் ஒன்றையும் பின்னால் இணைத்தோம். நீர்கொழும்பு அக்கா ஊருக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். தானும் கையெழுத்துப் போடுவேன் என்று பிடிவாதம். இந்த ஊரில் அவருக்கு ஓட்டு இல்லை, ரேஷன் கார்டு இல்லை, கையெழுத்துச் செல்லுமா என்று சிலர் யோசித்தார்கள். "குப்பை எங்கட கரைக்குத்தானே வருது?" என்று கேட்டுவிட்டு, எல்லாருக்கும் மேலே முதல் வரியில் போட்டுவிட்டார்.